ஒன்பது வயது மகள் "எனக்கு நேர் முடி வேணும்" என்கிறாள்: ரிலாக்ஸர் போடலாமா?

தென்கிழக்கு லண்டனில் வசிக்கும் மதுரைப் பெண் ஒருவரின் கடிதம் இது. கணவர் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் நைஜீரியாவின் யொரூபா சமூகத்தவர்கள். ஒரே மகளுக்கு ஒன்பது வயது. அப்பாவின் நிறம், அப்பாவின் அடர்ந்த சுருள்முடி. ஓராண்டாக அவள் அம்மாவின் துப்பட்டாவைத் தலையில் மாட்டி, அதையே முடியாகப் பின்னால் தள்ளிவிட்டு விளையாடுகிறாள். தன்னைப் படம் வரைந்தால் இடுப்புவரை நேர் முடி. வாரம் இருமுறை தலைக்கு ஊற்றி, தினமும் எண்ணெய் வைத்து, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இழுத்து இரட்டைச் சடை போடும் நேரம் அழுகையில்தான் முடிகிறது. நெற்றியோரம் முடி மெலிந்துவிட்டது. பின்தலையில் ரூபாய் நாணய அளவில் ஓரிடத்தில் செதில். அங்கே முடி உடைந்திருக்கிறது.

நாத்தனார், "பிள்ளை முடியைக் கெடுக்கிறாய்" என்கிறார். கணவர், "எங்க அக்காகிட்ட விட்டுடேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். தலையோடு ஒட்டி வரிசையாகப் போடும் கார்ன்ரோ பின்னலும் பாசிமணியும் கூடாது என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆவணியில் மதுரையில் தம்பி திருமணம். "நிறந்தான் அப்படி, முடியாவது நேரா இருந்தா பாக்க நல்லா இருக்குமே" என்று அம்மாச்சி போனில் சொன்னது ஸ்பீக்கரில் இருந்ததால் குழந்தை காதிலும் விழுந்துவிட்டது. அன்றிரவு அவள் கேட்டாள்: "நானும் உன் பொண்ணுதானேம்மா, எனக்கு மட்டும் ஏன் உன் முடி வரல?" குழந்தைகளுக்கானது, 'லை' (கடுங்காரம்) இல்லாதது என்று அச்சிட்ட ரிலாக்ஸர் (சுருள்முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்) பெட்டி ஒன்றை இந்தத் தாய் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். போடலாமா, கூடாதா என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, போட வேண்டாம். காரணங்களை விவரமாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்றைப் பேசியாக வேண்டும்.

முதலில் அந்தச் செதில் திட்டு

பின்தலைச் செதிலைப் பொடுகு என்று எண்ணி எண்ணெயைக் கூட்டியிருக்கிறீர்கள். பருவமடையாத குழந்தைகளுக்குப் பொடுகு வருவது குறைவு. ஒன்பது வயதில் செதிலும் முடி உடைந்த திட்டும் ஒரே இடத்தில் இருந்தால், தலையில் வரும் படர்தாமரையைத்தான் மருத்துவர்களான நாங்கள் முதலில் சந்தேகிப்போம். லண்டன் போன்ற நகரங்களில் 'ட்ரைக்கோபைட்டன் டான்சுரன்ஸ்' என்ற பூஞ்சை இதற்கு முக்கியக் காரணம்; ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளிக் குழந்தைகளிடம் அதிகம் காண்கிறோம். சீப்பு, தொப்பி, முடிவெட்டும் மிஷின் வழியாகத் தலைக்குத் தலை பரவும். வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: திட்டுக்குள் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை தோல் மட்டத்தில் உடைந்த முடித்தண்டுகள். கழுத்தின் பின்புறம் நெறிகட்டியும் இருக்கலாம்.

இந்த வாரமே உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) காட்டுங்கள். செதிலையும் உடைந்த முடியையும் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பூஞ்சை முடிக்குழிக்குள் இருப்பதால் மேலே தடவும் கிரீம் மட்டும் போதாது. டெர்பினாஃபின் அல்லது கிரைசியோஃபுல்வின் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில், வாரக்கணக்கில் வாய்வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கீட்டோகோனசோல் ஷாம்பு பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும். சீப்பையும் தலையணை உறையையும் அவளுக்குத் தனியாக்குங்கள். உங்கள் இருவர் தலையையும் பார்த்துவிடுங்கள். விட்டுவைத்தால் சில குழந்தைகளுக்குச் சீழ்கோத்த வீக்கமாகி, அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காத தழும்பே விழுந்துவிடும். இது சுத்தக் குறைவால் வருவதில்லை. மகளிடமும் அதைச் சொல்லுங்கள். தன் தலை அழுக்கு என்று இன்னொரு பாரம் அவளுக்கு வேண்டாம்.

நெற்றியோர மெலிவு வேறு சங்கதி. அது இழுவையால் வரும் முடி உதிர்வு. இரட்டைச் சடைக்காகத் தினமும் ஒரே வகிட்டில், ஒரே திசையில், இறுக்கி இழுக்கிறீர்கள். வேர் அதைத் தாங்காது. பின்னியதும் தலைவலி, விளிம்பில் சிறு கொப்புளங்கள், கண்ணோரத் தோல் மேலே இழுபடுவது எல்லாம் எச்சரிக்கைகள். நெற்றி விளிம்பில் மெல்லிய குட்டை முடி ஒரு வரிசை மட்டும் நின்று, அதற்குப் பின்னால் காலியாகத் தெரிவது இதன் அடையாளம். இந்தக் கட்டத்தில் இழுவையை நிறுத்தினால் சில மாதங்களில் முடி திரும்பிவிடும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிரந்தரமாகிவிடும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் இரு நெற்றியோரங்களையும் படம் எடுத்து வையுங்கள். முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை.

"வளரவே மாட்டேங்குது" என்பது சரியா?

சரியில்லை, அது வளர்கிறது. உங்கள் முடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். மகளுடையது தட்டையான நீள்வட்டம். தோலுக்குள் இருக்கும் முடிக்குழியே வளைந்திருப்பதால், முடி வெளியே வரும்போதே சுருண்டு வருகிறது. ஒவ்வொரு வளைவும் தண்டில் வலுக் குறைந்த இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் உங்கள் முடியில் நுனிவரை தானாக இறங்கிவிடும். அவள் சுருள்களில் இறங்காது. அதனால்தான் தோல் பிசுபிசுவென்றும் நுனி நார்போலவும் இருக்கின்றன. ஆசிய முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குமேல் வளர்கிறது என்றால், ஆப்பிரிக்க வகை முடி சராசரியாக முக்கால் சென்டிமீட்டரை ஒட்டி வளர்கிறது. ஆண்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர் கிடைக்கிறது. அதே அளவு நுனியில் உடைந்துகொண்டிருந்தால் நீளம் நின்றுபோன மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று சுருக்கம். ஈரமாக இருக்கும்போது ஒரு சுருளை இரு விரலால் மெதுவாக நீவி இழுத்துப் பிடியுங்கள். காது மட்டத்தில் நின்றது தோளைத் தொடும்; விட்டதும் மேலே ஏறிக்கொள்ளும். உண்மையான நீளத்தில் கால்பங்குதான் வெளியே தெரியும் முடிகளும் உண்டு. இதைக் கண்ணாடி முன் அவளை நிற்கவைத்து, தையல் டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். தன் முடி நீளமானது என்பதே இதுவரை அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

ரிலாக்ஸர், கெராட்டின், அயர்ன்: எது எவ்வளவு ஆபத்து

முடிக்கு வடிவம் தருவது கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகள். அவற்றை உடைத்து மாற்றுவதுதான் ரிலாக்ஸரின் வேலை. 'லை' வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். 'லை இல்லை' என்று அச்சிட்ட பெட்டியில் பெரும்பாலும் இரண்டு பொருட்கள் தனித்தனியாக இருக்கும்: கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீம், குவானிடின் கார்பனேட் திரவம். கலந்ததும் குவானிடின் ஹைட்ராக்சைடு உருவாகிறது. அதுவும் கடுமையான காரம்தான், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். தலைத்தோல் வெந்துபோவதும், கண்ணில் பட்டுப் புண்ணாவதும் இந்த வகையிலும் நடக்கின்றன. ஏற்கெனவே செதிலும் இழுவைப் புண்ணும் உள்ள உங்கள் மகளின் தலையில் இதை வைத்தால் எரியும், காயம் ஆகும். பெட்டியின் மேல் சிரிக்கும் குழந்தையின் படம் இருப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

நேராக்கிய முடி திரும்பச் சுருளாது. ஆனால் வேரிலிருந்து வருவது சுருண்டுதான் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முடி அதிகம் உடையும். அதைச் சமாளிக்க ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி மருந்து. ஒன்பது வயதில் தொடங்கினால் பல ஆண்டுப் பழக்கமாகிவிடும். அமெரிக்காவில் 33,947 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியான 'சிஸ்டர் ஸ்டடி' முடிவு இங்கே முக்கியம். நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று அதில் கணக்கிட்டார்கள். அவர்கள் எல்லாரும் வளர்ந்த பெண்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணம் இதுவே என்று நிறுவியது அல்ல. ஒரு முறை போட்டவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழந்தையை அந்தப் பாதையில் முதல் அடி வைக்கச் செய்யும்முன் யோசிக்க இது போதும்.

மதுரையில் உறவினர்கள், "பார்லர்ல கெராட்டின் பண்ணிடலாம், அது சத்துதானே" என்பார்கள். வேண்டாம். அந்தத் திரவங்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூட்டில் அதை வெளிவிடும் பொருள் இருக்கிறது. கிளையாக்சிலிக் அமிலம் சேர்ந்த நேராக்கும் கிரீமுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இளம்பெண்ணைப் பற்றி 2024-ல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த அமிலம் தோல்வழியே உள்ளே போய் ஆக்சலேட்டாக மாறி சிறுநீரகத்தில் படிகிறது.

அயர்ன் மட்டும் ஒரு நாளைக்கு என்றால்? மூன்றில் ஆபத்து குறைந்தது இதுதான். ஆனாலும் படர்தாமரை முழுதும் குணமாகியிருக்க வேண்டும். முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியில் சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் கொதித்துத் தண்டிலேயே குமிழி விழும். சூடு 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு. அதுவும் மதுரைப் புழுக்கத்தில் முகூர்த்தம் முடியுமுன் வேர்வையில் சுருண்டுவிடும். அப்போது அந்தக் குழந்தைக்கு ஏற்படும் ஏமாற்றத்தை நினைத்துப் பாருங்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரிலாக்ஸர் போடும் கறுப்பினப் பெண்கள் எல்லாரும் தங்களை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கும் வசதிக்கும் விருப்பத்துக்கும் என்று அவரவர் காரணங்கள் உண்டு. உங்கள் மகளும் பதினாறு, பதினேழு வயதில் எல்லாம் அறிந்து கேட்டால் அது வேறு உரையாடல். இன்று அவள் கேட்பது அதுவல்ல.

தலைக்கு ஊற்றும் நாளை மாற்றுங்கள்

உங்கள் அம்மா உங்களுக்குச் செய்ததை அப்படியே அன்போடு மகளுக்குச் செய்திருக்கிறீர்கள். அது உங்கள் முடிக்கான முறை. அவள் முடிக்கு வேறு முறை வேண்டும்; வேறு நேரமும் வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும் காலையில் சீப்பையே எடுக்காதீர்கள். எல்லா வேலையும் சனி அல்லது ஞாயிறு பிற்பகலுக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை, அதிகபட்சம் பத்து நாளுக்கு ஒருமுறை தலைக்கு ஊற்றினால் போதும். படர்தாமரைக்கு மருத்துவர் தரும் ஷாம்புவுக்கு மட்டும் அவர் சொல்லும் கணக்கு.

முதலில் காய்ந்த முடியை விரல்களாலேயே ஆறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கி கிளிப் மாட்டுங்கள். தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டாம். அதன் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அது தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். ஒரு பாகத்துக்கு அரைத் தேக்கரண்டி, நடுவிலிருந்து நுனிவரை, குளிக்க அரைமணி முன்னால். தலைத்தோலில் ஊற்றித் தேய்ப்பதை நிறுத்துங்கள். சீயக்காயும் வேண்டாம், வறண்ட முடியை இன்னும் வறட்டும், தூள் சுருளுக்குள் சிக்கும்.

சல்ஃபேட் இல்லாத ஷாம்புவை விரல்நுனிகளால் தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். நுரை வழிந்து இறங்கும்போது முடி தானாகச் சுத்தமாகும். முடியைக் கூட்டிப் பிசையாதீர்கள். சிக்கு விழுவது பெரும்பாலும் அப்படித்தான். பிறகு கண்டிஷனர். நீங்கள் உங்களுக்கு எடுக்கும் அளவை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பாகமும் வழுவழுவென்று கையில் நழுவும்வரை தடவி, ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். அது தலையில் இருக்கும்போதே சிக்கு எடுக்க வேண்டும். அலசிய பிறகு அல்ல. முதலில் விரல். பிறகு அகலப் பல் சீப்பு. ஒரு கையால் வேர்ப்பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டும் சீவுங்கள். அது இறங்கியதும் இன்னும் சற்று மேலே. வேரைப் பிடித்திருப்பதால் இழுப்பு தலைத்தோலை எட்டாது. பிள்ளை அழ மாட்டாள். உச்சியில் வைத்துக் கீழே இழுப்பதுதான் இத்தனை நாள் வலித்தது. காய்ந்த தலையில் சீப்பு கூடாது, பேன் சீப்பு எப்போதும் கூடாது.

துண்டால் துவட்டாமல் பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். ஈரப்பதம் இருக்கும்போதே, அலசாமல் விடும் 'லீவ்-இன்' கண்டிஷனர், அதன்மேல் சிறிது எண்ணெய் அல்லது கிரீம். நீர் முதலில், எண்ணெய் பிறகு. வறண்ட முடியில் எண்ணெய் மட்டும் வைத்தால் மினுங்கும், மென்மையாகாது. பிறகு எட்டு முதல் பன்னிரண்டு இருபுரி முறுக்குகள். ட்விஸ்ட் என்பார்கள், மூன்று புரிச் சடையைவிட வேருக்கு இழுவை குறைவு, அவிழ்ப்பதும் சுலபம். ஐந்து முதல் ஏழு நாள் அப்படியே இருக்கலாம். இரவில் சாட்டின் பானெட் (தூங்கும்போது போடும் துணித் தொப்பி) அல்லது சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சி, முடியை உராய்ந்து உடைக்கும். காலையில் தண்ணீர் தெளித்து கையால் நீவினால் முடிந்தது.

முதல் இரண்டு மூன்று வாரம் இதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். நடுவில் இடைவேளை விடுங்கள், அவளுக்குப் பிடித்ததைப் பார்க்கவிடுங்கள். "வலிக்குது" என்றால் கை உடனே நிற்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்ற சொல் இனி வேண்டாம். வாரம் ஐந்து நாள் அழுதுகொண்டே வாரப்படும் தலையை எந்தக் குழந்தையால் நேசிக்க முடியும்? அவளுடைய வெறுப்பில் பெரும்பகுதி பள்ளியிலோ தொலைக்காட்சியிலோ தொடங்கவில்லை, அந்தச் சீப்பில் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன். அதனால் மாற்றமும் உங்கள் கையிலிருந்தே தொடங்க முடியும்.

நாத்தனாரிடம் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு

அவர் சொன்ன விதம் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் அவர் கையில் இருக்கும் தேர்ச்சி உங்கள் மகளுக்கு வேண்டியது. அவளைப் போன்ற முடியுள்ள பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, பேசிச் சிரித்துத் தலை பின்னும் வீட்டை நீங்கள் ஒருவராக அவளுக்குத் தர முடியாது. அத்தை தர முடியும். யொரூபாக்களிடம் இது பெரிய கலை. ஓக்காய் ஓஜெய்கெரே என்ற நைஜீரியப் புகைப்படக்காரர் 1968 முதல் பல ஆண்டுகள் அந்நாட்டுப் பெண்களின் தலையலங்காரங்களை மட்டும் நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து, சிற்பம் போல. இணையத்தில் கிடைக்கும், மூவருமாக உட்கார்ந்து பாருங்கள். நூல் சுற்றி முடியை நீட்டும் 'இருன் கிகோ' முறையை அத்தையிடம் கேளுங்கள். ஒவ்வொரு கற்றையையும் வேரிலிருந்து நுனிவரை நூலால் சுற்றி இரவு விட்டு அவிழ்த்தால், சூடும் மருந்தும் இல்லாமல் முடி நீண்டு நிற்கும். நேராக்க ஆசைப்படும் குழந்தைக்கு இதைக் காட்டுவது நல்லது.

கணவர் ஒதுங்கக் கூடாது. அந்த முடி அவருடையதிலிருந்து வந்தது. மொட்டையாக வெட்டிக்கொண்டு திரிவதால் அது அவருக்கு மறந்துபோயிருக்கலாம். வாரம் இரண்டு பாகமாவது அவர் கையால் சிக்கு எடுத்து முறுக்கட்டும்.

கடையில் பின்னினால் ஒரு விதி: வலித்தால் அங்கேயே நிறுத்தி அவிழ்க்கச் சொல்லுங்கள். "இரண்டு நாளில் தளர்ந்துவிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இந்த வயதில் கனமான செயற்கை முடி வேண்டாம், ஒரே பின்னல் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம், நெற்றியோரக் குட்டை முடியை அதில் சேர்க்கவே வேண்டாம். படர்தாமரை குணமாகும்வரை கடைப் பக்கமே போகாதீர்கள்.

பள்ளி சொன்னால் சொன்னதுதானா?

சீருடை விதி என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும். இங்கிலாந்தில் 2010-ன் சமத்துவச் சட்டம் இன அடிப்படையிலான பாகுபாட்டைப் பள்ளிகளிலும் தடுக்கிறது. வட லண்டன் பள்ளி ஒன்று கார்ன்ரோ பின்னலுக்கு விதிவிலக்கே இல்லாத தடை போட்டிருந்ததை, 2011-ல் உயர் நீதிமன்றம் மறைமுக இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கிழக்கு லண்டனில், இயல்பாக அடர்ந்து நிற்கும் ஆஃப்ரோ முடிக்காகத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவிக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே எட்டிய உடன்பாட்டில் 8,500 பவுண்டு கிடைத்த செய்தி 2020-ல் வெளிவந்தது. 2022 அக்டோபரில் சமத்துவ, மனித உரிமை ஆணையம் பள்ளிகளுக்கு வழிகாட்டுதலே வெளியிட்டது: இயற்கையான ஆஃப்ரோ, பின்னல், கார்ன்ரோ போன்றவற்றை இன அடிப்படையில் விதிவிலக்கின்றித் தடுப்பது சட்டவிரோதமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது.

எழுதப்பட்ட விதியின் நகலைக் கேளுங்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: மகளின் இனப் பின்னணி, இந்தப் பின்னல்கள் முடியைக் காக்கும் முறை என்ற மருத்துவக் காரணம், மேற்சொன்ன வழிகாட்டுதல், எழுத்தில் பதில் வேண்டும் என்ற கோரிக்கை. பதில் சரியில்லை என்றால் நிர்வாகக் குழுவுக்குப் புகார். அதற்கும் மேலே கவுன்ட்டி நீதிமன்றம். சம்பவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் மின்னஞ்சல்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். பாசிமணி விஷயத்தில் சற்று விட்டுக்கொடுக்கலாம்: விளையாட்டு வகுப்பில் கழன்று விழுந்து வழுக்கும் என்ற கவலை பொய்யல்ல. பள்ளி நாட்களில் நுனியில் துணி ரப்பர், விடுமுறையில் மணி.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில்

"நீ அழகுதான், அதெல்லாம் யோசிக்காதே" என்று சொல்லி அணைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அணைத்தது நல்லது. ஆனால் அவள் அழகைப் பற்றிக் கேட்கவில்லை. தான் உங்களைச் சேர்ந்தவளா என்று கேட்டாள். துப்பட்டாவை மாட்டிக்கொள்ளும்போது அவள் நடிப்பது உங்களைத்தான். பதிலை நேராகச் சொல்லுங்கள்: "முடி அப்பாகிட்டருந்தும் அப்பத்தாகிட்டருந்தும் வந்துச்சு. உன் விரல் என்னோடது, உன் சிரிப்பு அம்மாச்சியோடது. நீ எங்க எல்லார் பொண்ணும்." அவளிடம் எது யாருடையது என்று உண்மையாகப் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேசாமல் விட்டால் மறந்துவிடுவாள் என்ற எண்ணமும் தவறு. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுவரையிலான கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பதை ஒழித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்பில் இந்த ஆய்வும் குறிப்பிடப்பட்டது. மூன்று வயதிலேயே கவனிக்கிறார்கள் என்றால், ஒன்பது வயதில் உங்கள் மகள் எவ்வளவு சேர்த்து வைத்திருப்பாள்!

"நேர் முடி வேணும்" என்று அடுத்த முறை சொன்னால் மறுக்க அவசரப்படாமல், "இன்னிக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். பிறகு, "நேர் முடி இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். நடக்கும்போது ஆட வேண்டும் என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். அது மணி கோத்த ட்விஸ்டிலும் ஆடும். பூ வைக்க வேண்டும் என்பாள். அதற்கும் வழி இருக்கிறது. வீட்டுப் பேச்சில் பரட்டை, காடு, அடங்காத முடி என்ற சொற்களை நிறுத்துங்கள். உங்கள் தோழிகள் உங்கள் முடி நீளத்தை மகள் முன்னால் புகழும்போது பேச்சை மாற்றுங்கள். அவள் பொம்மைகளிலும் புத்தகங்களிலும் அவளைப் போன்ற முடி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

தானே முடியை வெட்டிக்கொள்வது, பிடுங்குவது, தோலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பது, வெளியே போக மறுப்பது, பள்ளி என்றதும் வயிற்றுவலி: இவற்றில் எது தெரிந்தாலும் ஜி.பி.யிடம் குழந்தை மனநல ஆலோசனைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

மதுரைக்குப் போகும்முன்

அம்மாச்சியிடம் தனியாகப் பேசுங்கள். அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். வெள்ளைத் தோலும் நேர் முடியும்தான் லட்சணம் என்று அவரும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "நீங்க சொன்னது அவ காதுல விழுந்துச்சும்மா. அவ ராத்திரி அழுதா. இனிமே நிறத்தையும் முடியையும் பத்தி அவ முன்னாடி யாரும் பேசக் கூடாது, நீங்கதான் பாத்துக்கணும்." காவலாக இருக்கும் பொறுப்பைக் கொடுத்தால் பெரும்பாலான பாட்டிகள் சிறப்பாகச் செய்வார்கள். கல்யாண வீட்டில் ஆளாளுக்கு முடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "கேக்காம தொடாதீங்க" என்று தமிழில் சொல்ல அவளுக்குப் பழக்கிவிடுங்கள். சொன்னதும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அலங்காரத்துக்கு: திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மெல்லிய ட்விஸ்ட்களாகப் போட்டுவிடுங்கள். அன்று காலை அவற்றைத் தளர்வாக மேலே தூக்கி, துணி ரப்பரால் உச்சிக்கொண்டையாகக் கட்டுங்கள். நெருக்கித் தொடுத்த மதுரை மல்லி இரண்டு முழத்தைக் கொண்டையின் அடியில் சுற்றி, யு-பின்னை ட்விஸ்டுக்குள் செருகுங்கள், தலைத்தோலில் குத்த வேண்டாம். சுருள்முடியில் பூ நழுவாது. உங்களுக்கு மதியத்துக்குள் சரிந்துவிடும் சரம் அவளுக்கு ராத்திரிவரை நிற்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சுண்ணாம்பு படிந்து முடி சொரசொரப்பாகும். கடைசி அலசலுக்கு இரண்டு செம்பு குடிதண்ணீர் போதும். கண்டிஷனரையும் அகலச் சீப்பையும் பானெட்டையும் லண்டனிலிருந்தே எடுத்துப் போங்கள்.

வாய்வழி மருந்து தொடங்கினால் முழுக் காலமும் கொடுத்து முடிக்க வேண்டும். திட்டு மறைந்ததும் பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். திருமணத்துக்குள் முடிய வேண்டும் என்றால் ஜி.பி. சந்திப்பை நாளைக்கே பதிவு செய்யுங்கள். ஆய்வு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். நெற்றியோரப் படங்கள் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.